ஜைத்தூன் அக்காவை விட்டுவிட்டு வந்த ஊர்

ஹைதராபாத்தில் ரயிலை விட்டு இறங்கியதும் எல்லாரும் ஜைத்தூன் அக்காவிடம்தான் பேசினார்கள். போர்ட்டர், டீக்காரர், ஆட்டோக்காரர் என்று யாராக இருந்தாலும், அக்காவின் கறுப்பு புர்காவைப் பார்த்ததும் உருதில் ஆரம்பித்துவிடுவார்கள். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே என் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொள்வாள். நான் தெலுங்கில் பதில் சொல்வேன். பொட்டு வைத்தவள் பேச, புர்கா போட்டவள் விழிக்க, கேட்டவர்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"எனக்கு ஏதுடி உருது? எங்க அத்தாவும் தமிழு, அம்மாவும் தமிழு. ஓதுறது மட்டும்தான் அரபி" என்றாள் அக்கா. "இந்த ஊருக்கு நான் தப்பான துணி போட்டுக்கினு வந்துட்டேன் போல."

பழவேற்காடு ஏரியை ஒட்டிய எங்கள் குப்பத்தில் நான் அங்கன்வாடி டீச்சர். ஜைத்தூன் அக்கா அங்கே ஆயாவாக இருந்தாள். காலையில் பழவேற்காட்டிலிருந்து நடந்து வந்து, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வருவாள். சமைப்பாள், ஊட்டுவாள், மூக்கைத் துடைத்துவிடுவாள். பிள்ளைகள் முன்னால் என்னை 'டீச்சர்' என்பாள். அவர்கள் தூங்கியதும் 'கஸ்தூரி' ஆகிவிடுவேன். என் வயதில் பாதிக்கு மேல் அந்த ஒற்றை அறையில் அவளோடுதான் போயிருக்கிறது. வீட்டுக்காரரோடு நான் பேசியதை விட அவளோடு பேசியது அதிகம்.

அக்கா ஓய்வு பெற்ற பிறகு, ஹைதராபாத்தில் லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கும் அவள் மகன் ரியாஸ், நிரந்தரமாக அங்கே வந்துவிடச் சொன்னான். அக்காவின் வீட்டுக்காரர் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. வீட்டில் அவள் தனி ஆள். "கஸ்தூரி கூட வந்து வுட்டா வர்றேன்" என்று அக்கா சொல்லிவிட்டாள். எனக்குத் தெலுங்கு வரும் என்பது ஒரு காரணம். என் அம்மாவுக்கு ஆந்திராவில் சூளூர்பேட்டைப் பக்கம். வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கும் ஒரு சுயநலம் இருந்தது. நிஜாம் அரண்மனை, சார்மினார் எல்லாம் படத்தில் மட்டும் பார்த்தவள் நான்.

"போய்ப் பாக்குறேன். ஒத்து வரலன்னா ஒன்கூடவே திரும்பிடுவேன்" என்று அக்கா கிளம்பும்போதே சொன்னாள். "அதுக்கென்னக்கா" என்றேன். இருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்வதுதான் சரி.

ரயிலில் அக்காவின் பை எங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது. மருமகளுக்கென்று காய்ந்த எறாவை டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்திருந்தாள். நெல்லூர் தாண்டியதும் மூடி திறந்துகொண்டது. எதிர் சீட்டு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எதுவோ செத்துப்போச்சு" என்று தெலுங்கில் தன் கணவரிடம் சொன்னார். அதை மொழிபெயர்த்ததும் அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "எப்பவோ செத்துதுன்னு சொல்லு. நாங்கதான் காய வெச்சோம்னு சொல்லு." சொன்னேன். அந்த அம்மாளும் சிரித்துவிட்டார்.

ரியாஸின் வீடு டோலிச்சௌக்கி பக்கம், மூன்றாவது மாடி. மருமகள் சமீனா ஹைதராபாத்காரி. தங்கமான பெண். வாசலிலேயே அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான்கு வயதுப் பேத்தி ஹனா, அப்பாவின் காலுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தது. அக்கா கையை நீட்டி, "வாடி என் ராசாத்தி" என்றாள். குழந்தை அப்பாவைப் பார்த்தது. ரியாஸ் உருதில் சொன்ன பிறகுதான் வந்தது.

மதியம் பிரியாணி, மிளகாய் சால்னா, உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தை ஊறவைத்துச் செய்த இனிப்பு. அப்படியொரு பிரியாணியை நான் சாப்பிட்டதில்லை. சமீனா எங்கள் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். பிறகு என் காதருகே, "ஒரு கொறையும் சொல்ல முடியாது. ஆனா இந்த ஊர்ல கடல் மீனு கெடைக்குமான்னு கேளேன்" என்றாள்.

கேட்டேன். ஏரி மீன், குளத்து மீன் கிடைக்கும், கடல் மீன் ஐஸில்தான் வரும் என்றான் ரியாஸ். அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள்.

மறுநாள் ரியாஸுக்கு விடுமுறை. எல்லாரையும் கோல்கொண்டா கோட்டைக்கு அழைத்துப் போனான். ஒரு காலத்தில் எங்கள் கரை வரைக்கும் இந்தக் கோட்டைக்காரர்களின் ஆட்சி நடந்தது என்று எங்கோ படித்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலித்தது. வாசலில் கூரைக்குக் கீழே ஓர் இடத்தில் நின்று கை தட்டினால், மலை உச்சியில் இருக்கும் மண்டபத்தில் கேட்குமாம். எதிரி வந்தால் மேலே தெரிவதற்காக அப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

அக்காவின் மூட்டுக்கு அந்தப் படிகள் ஆகாது. "நீங்க போங்க. நான் இங்கிருந்து தட்டுறேன், கேக்குதான்னு பாரு" என்று சமீனாவோடும் குழந்தையோடும் கீழேயே நின்றுவிட்டாள்.

நானும் ரியாஸும் மூச்சு வாங்க மேலே போய்ச் சேர்ந்தோம். கீழேயிருந்து கைதட்டல் கேட்டது. ஆனால் அன்று வந்த கூட்டம் முழுக்க வாசலில் நின்று தட்டிக்கொண்டிருந்தது. அதில் எது அக்காவுடையது என்று எனக்குத் தெரியவில்லை.

காற்று நன்றாக வீசியது. ரியாஸ் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனும் எங்கள் அங்கன்வாடியில் என் கையைப் பிடித்து அ, ஆ எழுதியவன்தான்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க சொன்னாதான் அம்மா கேக்கும்."

"சொல்லுப்பா."

"அம்மாவ இங்கயே இருக்கச் சொல்லுங்க. போன மழைல பாத்ரூம்ல வுழுந்து கெடந்துச்சே, அன்னிக்கி நீங்க போய்ப் பாக்கலன்னா? நான் இங்க லிஃப்ட் குழிக்குள்ள நின்னுக்கினு இருக்கேன், அங்க எங்கம்மா தரையில கெடக்குது. அதுலருந்து போன் அடிச்சாலே எடுக்கப் பயமா இருக்குது."

அவன் கண் கலங்கியது. அன்று கதவைத் தள்ளித் திறந்து பார்த்தவள் நான்தான். அக்கா ஈரத் தரையில் கிடந்தாள். என்னைப் பார்த்ததும், "இந்நேரம்தான் ஒனக்கு வர முடிஞ்சிதா" என்று திட்டினாள். அந்தக் காட்சி எனக்கும் மறக்கவில்லை.

"அம்மா இங்க செட் ஆயிட்டா, ஊர்ல வூட்டக் குடுத்துட்டு இங்க ஒரு ஃபிளாட் வாங்கலாம்னு இருக்கேன். அத இப்ப அம்மாவாண்ட சொல்லாதீங்க. இருக்கச் சொல்லி மட்டும் சொல்லுங்க."

"சரிப்பா, சொல்றேன்" என்றேன். நல்லது என்று நினைத்துத்தான் சொன்னேன்.

இறங்கி வந்ததும், "கேட்டிச்சா?" என்றாள் அக்கா. கேட்டது என்றேன்.

அடுத்த நாள் நாங்கள் இருவர் மட்டும் பழைய நகரத்துக்குக் கிளம்பினோம். சார்மினாரைச் சுற்றி வளையல் கடைகளும் முத்துக் கடைகளும் தள்ளுவண்டிகளும். தெருவுக்கு நடுவில் அத்தனை பெரிய கட்டடம் நிற்க, ஆட்டோக்கள் அதை ஒரு டிராஃபிக் கம்பம் போலச் சுற்றிக்கொண்டு போயின. ஒரு ஹோட்டலில் இரானி டீயும் உப்பும் இனிப்பும் கலந்த பிஸ்கட்டும் சாப்பிட்டோம். அக்கா டீயைச் சாசரில் ஊற்றி உறிஞ்சினாள். மேசையில் பக்கத்திலிருந்த பெரியவரும் அப்படியே செய்ததைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம். அவர் உருதில் ஏதோ கேட்டார். அக்கா சாசரை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

மெக்கா மசூதியின் முற்றம் எங்கள் குப்பத்துக் கரையளவு விரிந்து கிடந்தது. புறாக்கள் கூட்டமாக எழும்பி, ஒரு சுற்று சுற்றி, திரும்ப அதே இடத்தில் இறங்கின. கல் தூண்கள் ஒவ்வொன்றும் ஒரே பாறை என்றார்கள். அக்கா பெண்கள் தொழும் பக்கம் போனாள். நான் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தேன். நெடுநேரம் கழித்து வந்தாள். முகம் கழுவிவிட்டாற்போல் தெளிந்திருந்தது.

"இங்க யாரும் என்ன ஒண்ணும் கேக்கல. எல்லாரும் குனிஞ்சா நானும் குனிஞ்சேன். அப்புறம் கைய ஏந்தித் தமிழ்லயே கேட்டேன். அல்லாவுக்குப் புரியாதா இன்னா?"

மசூதி முற்றத்துக் குளத்தங்கரையில் கல் பெஞ்சு ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்தவர்கள் மறுபடியும் ஒருநாள் இங்கே வந்து உட்காருவார்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டாம். குழந்தையோடு நின்ற ஒரு பெண் எனக்குத் தெலுங்கில் சொன்னாள். அக்காவிடம் சொன்னதும் என் கையைப் பிடித்து அதில் உட்காரவைத்தாள்.

"ஒக்காரு, ஒக்காரு. அப்பதான் என்னப் பாக்க வருவ."

"நீயும் ஒக்காருக்கா."

"நான் இன்னாத்துக்கு? திரும்பி வர்றதுக்கு மொதல்ல போவணுமே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

அங்கிருந்து சௌமஹல்லா அரண்மனை நடக்கிற தூரம்தான். தெருச் சத்தம் அரண்மனை வாசலோடு நின்றுவிட்டது. உள்ளே நீர்த் தொட்டியும் புல்வெளியும் வெள்ளைச் சுவர்களும். தர்பார் மண்டபத்தில் கண்ணாடிச் சரவிளக்குகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. அவற்றுக்குக் கீழே பளிங்கு மேடை ஒன்று காலியாக இருந்தது. அதைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள்.

நான் விளக்குகளைப் பார்த்தேன். அக்கா, கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த தட்டுகளைப் பார்த்தாள். "இத்தினியும் யாருடி கழுவியிருப்பாங்க? நம்ம நாப்பது தட்டு கழுவறதுக்கே எனக்கு இடுப்பு ஒடிஞ்சிது."

அடுத்த கூடத்தில் அரண்மனைப் பெண்களின் புகைப்படங்கள் இருந்தன. நகையும் பட்டுமாக, சிரிக்காத முகங்கள். ஒரு மருமகள் கடல் கடந்த தேசத்திலிருந்து வந்தவள் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் தன் மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அக்காவுக்குச் சொன்னேன். அக்கா அந்தப் படத்தின் முன்னால் நின்றுவிட்டாள்.

"இவளுக்கு இந்த ஊரு பாஷ தெரிஞ்சிருக்குமா?"

"கத்துக்கிட்டிருப்பாங்க."

"கத்துக்கறதுக்கு மின்ன? பசிக்குதுன்னு யாராண்ட சொல்லியிருப்பா?"

"ராஜா வீட்டுல கேக்காமலே சோறு வரும்க்கா" என்று அவளை இழுத்துக்கொண்டு போனேன். பழைய கார்களைப் பார்க்க வேண்டும் என்ற அவசரம் எனக்கு. அதே அவசரத்தில் மூன்று மாளிகைகளைச் சுற்றினேன். அவள் காலைத் தேய்த்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

திரும்பும்போது ஆட்டோ வேண்டாம், பஸ்ஸில் போகலாம் என்று நான்தான் சொன்னேன். சரியான கூட்டம். பெண்கள் முன்வாசல் வழியாக முண்டினார்கள். அக்காவை முதலில் ஏற்றிவிட்டு நான் காலை வைப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. "ஆப்பண்டி, ஆப்பண்டி" என்று நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினேன். கண்ணாடிக்குப் பின்னால் அக்காவின் கை மட்டும் தெரிந்தது. அவளுடைய போன் என் பையில் இருந்தது. ரியாஸ் வீட்டு விலாசமும் என்னிடம்தான்.

ஓர் ஆட்டோவை மறித்து ஏறி, அந்த பஸ்ஸைப் பிடிக்கச் சொன்னேன். ஆட்டோக்காரர் இளைஞர். விஷயத்தைச் சொன்னதும் சந்து சந்தாகப் புகுந்து ஓட்டினார். பாலம் தாண்டியதும் பஸ்ஸைப் பிடித்துவிட்டோம். ஏறிப் பார்த்தால் அக்கா இல்லை. கண்டக்டர், "அந்த அம்மா எதுவும் சொல்லவில்லை. கையை மட்டும் ஆட்டினார். பயந்துபோய் பாலத்துக்கு முன்னாலேயே இறங்கிவிட்டார்" என்றார்.

திரும்பி வந்தோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கறுப்பு புர்கா போட்ட பெண்கள் நின்றார்கள். எல்லாரும் பின்னாலிருந்து அக்காவாகத் தெரிந்தார்கள். ஆட்டோவை விட்டு இறங்கி, "அக்கா, ஜைத்தூன் அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். அந்தத் தெருவில் அது யாருக்கும் புரியாத கூச்சல். ரியாஸுக்கு என்ன பதில் சொல்வேன் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது.

ஒரு கொய்யாப்பழ வண்டிக்குப் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட கூடையின் மேல் அக்கா உட்கார்ந்திருந்தாள். கையில் பாதி கடித்த கொய்யா. பழக்காரப் பெண் அவள் தோளில் கை போட்டுக்கொண்டு, போகிற வருகிற எல்லாரிடமும் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அக்கா எழுந்து வந்து என் முந்தானையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். எங்கள் பிள்ளைகள் அங்கன்வாடியில் முதல் நாள் பிடிப்பார்களே, அந்தப் பிடி.

பழக்காரப் பெண்ணுக்குக் கொஞ்சம் தெலுங்கு தெரிந்திருந்தது. "பாவம், வாய் பேச முடியாத அம்மாவை இப்படித் தனியாக விடலாமா?" என்று என்னைக் கோபித்துக்கொண்டாள். பழத்துக்குக் காசு வாங்க மறுத்துவிட்டாள்.

ஆட்டோவில் அக்காவிடம் அதைச் சொன்னேன். "தெரியும். நான் ஊமைன்னு நெனச்சிட்டாங்க" என்றாள். "அப்பிடியே இருக்கட்டும்னு வுட்டுட்டேன். பேசினா மட்டும் யாருக்குப் புரியப் போவுது?"

கொஞ்ச தூரம் போனதும், என் முகத்தைப் பார்க்காமல், "நானும் ஒன்கூடயே வந்துட்டா இன்னா கஸ்தூரி?" என்று கேட்டாள்.

அவள் பிடி இன்னும் என் முந்தானையில்தான் இருந்தது. எனக்கு ஈரத் தரையும் நினைவுக்கு வந்தது, ரியாஸின் கலங்கிய கண்ணும் நினைவுக்கு வந்தது. "புதுசுல அப்பிடித்தான்க்கா இருக்கும். பழகிடும்" என்றேன். பிறகு மருமகளின் குணம், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி, குழந்தை, லிஃப்ட் என்று வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தேன். அக்கா 'உம்' கொட்டிக்கொண்டே வந்தாள்.

கடைசி நாள் காலையில் குதுப் ஷாஹி சுல்தான்களின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். பெரிய பெரிய கும்மட்டங்கள். உள்ளே போனால் ஒரு கல்லறையும் நிறைய குளிர்ச்சியும். நான் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். எந்தப் படத்திலும் அக்கா கேமராவைப் பார்க்கவில்லை என்பதை ஊருக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

சாயங்காலம் ரியாஸும் அக்காவும் என்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அவன் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனான். அக்கா பெட்டிக்குள் ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவள் மடியில் அவளுடைய துணிப்பை இருந்தது. சமீனா எனக்குக் கொடுத்தனுப்பிய சாப்பாடு அதில் இருக்கிறதென்று நினைத்தேன். சாப்பாட்டை ரியாஸ் வேறு பையில் கொடுத்தான்.

"எல்லாம் நல்லா கவனிச்சிக்கிறாங்க. நீ கவலப்படாத" என்றாள் அக்கா. பிறகு, "நீ இன்னா சொல்ற?" என்றாள்.

"நீ இங்க இருக்கறதுதான்க்கா நல்லது. ரியாஸ் பாவம்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். வேறு ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள். சிக்னல் விழுந்ததும் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ரியாஸ் கை ஆட்டினான். அக்கா ஆட்டவில்லை. இரண்டு கையாலும் பையைப் பிடித்திருந்தாள்.

காலையில் சூளூர்பேட்டை தாண்டும்போது போன் வந்தது. அக்காதான். "பை பிரிச்சி துணிய மடிச்சி வெச்சிட்டேன்" என்றாள். அப்போதுதான் அந்தப் பைக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏரிப் பக்கத்து உப்புத் தரை வெளுத்துக் கிடந்தது. அந்த இடத்திலேயே இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. போகவில்லை.

அதற்குப் பிறகு தினமும் மதியம் அக்கா போன் பண்ணுவாள். குப்பத்தில் என்ன மீன் வந்தது, யார் வீட்டில் என்ன குழம்பு, புது ஆயா பிள்ளைகளுக்குச் சோற்றைக் குழைய வடிக்கிறாளா என்று கேட்பாள். அவளுக்கு வேண்டியது பதில் இல்லை, பேச்சு. நான் சில நாள் மீட்டிங், கணக்கு, அதிகாரி வருகை என்று சீக்கிரம் வைத்துவிடுவேன்.

மழைக்காலம் முடிந்து ரியாஸ் ஊருக்கு வந்தான். பழவேற்காட்டு வீட்டை விற்றுவிட்டான். கையெழுத்துப் போட்ட கையோடு, எனக்கு ஹைதராபாத் பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"அம்மா எப்பிடிப்பா இருக்கு?"

"சூப்பரா இருக்கு டீச்சர். ஒரு சத்தம் கெடையாது. இப்பிடி ஒரு மாமியா யாருக்குக் கெடைக்கும்னு சமீனா எல்லாராண்டயும் சொல்றா."

ஒரு சத்தம் கிடையாது என்று அவன் சந்தோஷமாகச் சொன்னான். எங்கள் அங்கன்வாடியில் ஜைத்தூன் அக்காவின் குரல் படகுத்துறை வரைக்கும் கேட்கும்.

அன்று மதியம் நானே போன் பண்ணினேன். "அக்கா, கெளம்பி வந்துடு. எங்க வூட்லயே இரு. நான் வந்து கூட்டினு வர்றேன்" என்றேன்.



"இத ஸ்டேஷன்ல சொல்லியிருந்தா நான் எறங்கியே இருக்க மாட்டேன்டி" என்றாள். குரலில் கோபம் இல்லை. "ஒரு வாரம், பத்து நாளுல சொல்லியிருந்தாலும் வந்துருப்பேன். இப்ப இந்தப் புள்ள என் கையப் புடிச்சிக்கினுதான் தூங்குது. எழுந்தா மொதல்ல என்னத்தான் தேடுது. இத வுட்டுட்டு எப்பிடி வர்றது?"

அதற்குள் குழந்தை விழித்துக்கொண்டது போலிருந்தது. சிணுங்கியது. அக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமலே, அதனிடம் மெதுவாக, தட்டுத் தடுமாறி, உருதில் ஏதோ சொன்னாள். குழந்தை சிரித்தது.

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை.